சிகாகோவின் தொழில்முறை விளையாட்டு அணிகளும் அரங்குகளும்

சிகாகோ, ஐக்கிய அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்துள்ள பெருநகரம் ஆகும். மக்கள்தொகை அடிப்படையில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அந்நாட்டின் மூன்றாவது பெரிய நகரம் இதுவே. அடிபந்தாட்டம், அமெரிக்கக் காற்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், பனி ஹாக்கி, காற்பந்தாட்டம் ஆகிய ஐந்து விளையாட்டுகளிலும் நாட்டின் முதல்நிலைப் போட்டிகளில் ஆடும் அணிகள் இந்நகரின் பெயரைத் தாங்கியுள்ளன. இவற்றுள் சில நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு கொண்டவை.

இவ்வணிகள் நகரத்தின் பெயரைத் தாங்கினாலும் நகரத்தின் உடைமைகள் அல்ல, தனியாருக்கு உரியவை. ஓர் அணி ஒரு நகரத்தில் நிலைப்பதா, வேறிடம் செல்வதா என்பது பெரும்பாலும் அது ஆடும் அரங்கு யாருக்கு உரியது, அதைக் கட்ட யார் பணம் கொடுத்தார் என்பவற்றைப் பொறுத்தே அமைகின்றது. தனியார் அரங்கு, பொது அரங்கு, கூட்டு அரங்கு ஆகிய எல்லா வகைகளும் சிகாகோவில் இருப்பதால், இத்தொடர்பை விளங்கிக்கொள்வதற்கு இந்நகரம் ஒரு நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டு முறை

ஐரோப்பியக் காற்பந்தாட்டத்தில் ஒரு சிற்றூர்க் கழகம்கூட வெற்றிகளின் மூலம் படிப்படியாக மேல்நிலைப் போட்டிக்கு உயர முடியும். தோற்கும் கழகம் கீழே இறங்கும். அமெரிக்க முறை இதிலிருந்து வேறுபட்டது. இங்கே ஒவ்வொரு விளையாட்டிலும் 'லீக்' எனப்படும் அமைப்பு, தனது அணிகளின் எண்ணிக்கையைத் தானே வரையறுக்கின்றது. கடைசி இடத்தில் முடிக்கும் அணியும் அடுத்த ஆண்டு அதே லீக்கில் ஆடும். புதிய அணி தொடங்க லீக்கின் இசைவு வேண்டும். அணியை வேறு நகரத்துக்குக் கொண்டுசெல்லவும் பிற உரிமையாளர்களின் வாக்கு வேண்டும்.

இதனால் அணிகளை விட, அணி வேண்டும் என விரும்பும் நகரங்களின் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகவே இருக்கும். புதிய அரங்கு கட்டித் தராவிட்டால் வேறு நகரத்துக்குச் சென்றுவிடுவோம் என்று உரிமையாளர் கூறும்போது, அச்சொல்லுக்கு வலிமை கிடைப்பது இப்பற்றாக்குறையினாலேயே ஆகும்.

சிகாகோவும் அணிகளை இழந்துள்ளது. 1898 இல் இந்நகரில் தோன்றிய கார்டினல்ஸ், தொழில்முறை அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் இன்றும் இயங்கும் அணிகளுள் மிகப் பழையது. 1947 இல் வாகையர் பட்டம் வென்ற இவ்வணி 1960 இல் செயின்ட் லூயிஸ் நகருக்கும், பின்னர் அரிசோனா மாநிலத்துக்கும் சென்றது. 1961 இல் தொடங்கப்பட்ட கூடைப்பந்து அணி ஒன்று இரண்டு பருவங்களுக்குப் பின் பால்ட்டிமோருக்குச் சென்றது. வாஷிங்டன் விசார்ட்ஸ் என்று இன்று அறியப்படுவது அவ்வணியே.

முதன்மையான அணிகள்

* சிகாகோ கப்ஸ் - அடிபந்தாட்டம், நேஷனல் லீக் (1876 முதல்). அரங்கு: ரிக்லி ஃபீல்ட்
* சிகாகோ ஒயிட் சாக்ஸ் - அடிபந்தாட்டம், அமெரிக்கன் லீக் (1901 முதல்). அரங்கு: ரேட் ஃபீல்ட்
* சிகாகோ பேர்ஸ் - அமெரிக்கக் காற்பந்தாட்டம் (சிகாகோவில் 1921 முதல்). அரங்கு: சோல்ஜர் ஃபீல்ட்
* சிகாகோ பிளாக்ஹாக்ஸ் - பனி ஹாக்கி (1926 முதல்). அரங்கு: யுனைட்டெட் சென்டர்
* சிகாகோ புல்ஸ் - கூடைப்பந்தாட்டம் (1966 முதல்). அரங்கு: யுனைட்டெட் சென்டர்
* சிகாகோ ஃபயர் - காற்பந்தாட்டம் (1997 இல் நிறுவப்பட்டது). அரங்கு: 2020 முதல் சோல்ஜர் ஃபீல்ட்
* சிகாகோ ஸ்கை - பெண்கள் கூடைப்பந்தாட்டம் (2006 முதல்). அரங்கு: 2018 முதல் வின்ட்ரஸ்ட் அரினா

அடிபந்தாட்டம்: வடக்கும் தெற்கும்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் சிகாகோவுக்கு இரண்டு முதல்நிலை அணிகள் உள்ளன. நகரின் வடபகுதி மக்கள் பெரும்பாலும் கப்ஸ் அணியையும், தென்பகுதி மக்கள் ஒயிட் சாக்ஸ் அணியையும் ஆதரிக்கின்றனர். இரு அரங்குகளும் 'சிவப்புத் தடம்' எனப்படும் ஒரே நகரத் தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ளன. வடக்கே அடிசன் நிலையத்தில் இறங்குவோர் கப்ஸ் ஆட்டத்துக்கும், தெற்கே 35 ஆம் தெரு நிலையத்தில் இறங்குவோர் ஒயிட் சாக்ஸ் ஆட்டத்துக்கும் செல்கின்றனர். இவ்விரு அணிகளும் வாகையர் பட்டத்துக்கான உலகத் தொடரில் ஒருமுறை மட்டுமே மோதியுள்ளன. 1906 இல் நடந்த அத்தொடரில், அவ்வாண்டு 116 ஆட்டங்களை வென்றிருந்த கப்ஸ் அணியை ஒயிட் சாக்ஸ் தோற்கடித்தது.

ரிக்லி ஃபீல்ட்

இவ்வரங்கு கப்ஸ் அணிக்காகக் கட்டப்பட்டது அன்று. சிற்றுண்டிச் சாலைகள் நடத்திவந்த சார்ல்ஸ் வீக்மன் என்பவர், ஃபெடரல் லீக் என்னும் புதிய போட்டி அமைப்பில் தாம் வைத்திருந்த அணிக்காக 1914 இல் இதனைக் கட்டினார். அந்த லீக் இரண்டே பருவங்களில் கலைந்தது. அதன்பின் வீக்மன், பங்காளர்களுடன் சேர்ந்து கப்ஸ் அணியை வாங்கி 1916 இல் இவ்வரங்குக்குக் கொண்டுவந்தார். அப்பங்காளர்களுள் ஒருவரான சூயிங்கம் தொழிலதிபர் வில்லியம் ரிக்லி பின்னர் அணியைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். அவரது பெயரே 1920களில் அரங்குக்கு இடப்பட்டது.

வெளிப்புறச் சுவரில் படர்ந்துள்ள கொடிகளும், கையால் இயக்கப்படும் பெரிய புள்ளிப் பலகையும் 1937 இல் அமைக்கப்பட்டவை. அரங்கைச் சுற்றிலும் குடியிருப்புகள் நெருக்கமாக அமைந்துள்ளன. அண்டை வீட்டு மாடிகளிலிருந்து ஆட்டம் பார்க்கும் வழக்கம் நாளடைவில் ஒரு வணிகமாகவே வளர்ந்தது. இதை எதிர்த்துக் கப்ஸ் நிர்வாகம் 2002 இல் வழக்குத் தொடர்ந்தது. மாடி உரிமையாளர்கள் தம் வருவாயில் 17 விழுக்காட்டை அணிக்குத் தர ஒப்புக்கொண்டதை அடுத்து 2004 இல் அவ்வழக்கு முடிவுக்கு வந்தது.

பிற முதல்நிலை அரங்குகள் அனைத்திலும் இரவு ஆட்டங்கள் நடந்துவந்த பின்னரும் ரிக்லி ஃபீல்டில் நீண்டகாலம் பகல் ஆட்டங்களே நடைபெற்றன. 1941 இல் மின்விளக்குகள் வாங்கப்பட்டன. ஆனால் பேர்ள் துறைமுகத் தாக்குதலை அடுத்து அவை போர்ப் பணிக்கு வழங்கப்பட்டன. 1980களில் விளக்கமைக்க அணி முயன்றபோது, இரவில் இரைச்சலும் நெரிசலும் மிகும் எனக் குடியிருப்பாளர் எதிர்த்தனர். மாநிலச் சட்டமும் நகர விதியும் அவர்களுக்குத் துணைநின்றன. இறுதிக்கட்டப் போட்டிகள் வேறு அரங்குக்கு மாற்றப்படக்கூடும் என்ற நிலை தோன்றிய பின்னர், ஆண்டுக்கு 18 இரவு ஆட்டங்கள் என்ற வரம்புடன் 1988 இல் நகரமன்றம் இசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 8 இல் விளக்குகள் ஏற்றப்பட்ட முதல் ஆட்டம் மழையால் இடையில் கைவிடப்பட்டது. முழுமையாக நடந்த முதல் இரவு ஆட்டம் மறுநாள் நடைபெற்றது.

1907, 1908 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற கப்ஸ், அடுத்த பட்டத்துக்காக 108 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2016 இல் கிளீவ்லாந்து அணிக்கு எதிரான தொடரில், ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் சுற்றில் 8-7 என்ற கணக்கில் வென்று அக்காத்திருப்பு முடிவுற்றது. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் வேறெந்த அணியும் பட்டத்துக்காக இவ்வளவு நீண்டகாலம் காத்திருந்ததில்லை.

2009 இல் ரிக்கெட்ஸ் குடும்பத்தினர் அணியையும் அரங்கையும் வாங்கினர். புதுப்பிப்புப் பணிக்குப் பொதுப்பணம் பெற அவர்கள் செய்த முயற்சி கைகூடவில்லை. எனவே 2014 முதல் சில ஆண்டுகள் நடந்த பணிகளைத் தனியார் பணத்திலேயே மேற்கொண்டனர். 2020 இல் அரங்கு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதன்மூலம் பழைய கட்டடங்களைப் பேணுவோருக்கான கூட்டரசு வரிச்சலுகையும் கிடைத்தது.

கோமிஸ்கி பார்க்

ஒயிட் சாக்ஸ் அணியின் நிறுவனர் சார்ல்ஸ் கோமிஸ்கி 1910 இல் நகரின் தென்பகுதியில் ஓர் அரங்கைக் கட்டினார். இதனை வடிவமைத்த சக்கரி டெய்லர் டேவிஸ் என்பவரே நான்கு ஆண்டுகளுக்குப் பின் ரிக்லி ஃபீல்டையும் வடிவமைத்தார். இரு லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் 'ஆல் ஸ்டார்' ஆட்டம் முதன்முதலாக 1933 இல் இங்கேயே நடந்தது.

1919 உலகத் தொடரில் சூதாடிகளிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்றதாக இவ்வணியின் எட்டு ஆட்டக்காரர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1921 இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தபோதிலும், அடிபந்தாட்ட ஆணையர் கெனசா மவுன்டன் லாண்டிஸ் எண்மரையும் வாழ்நாள் முழுவதும் ஆட்டத்திலிருந்து விலக்கினார். 'பிளாக் சாக்ஸ் ஊழல்' என இது அறியப்படுகின்றது. அதன்பின் இவ்வணி 2005 இல்தான் மீண்டும் உலகத் தொடரை வென்றது. 2024 இல் ஒரே பருவத்தில் 121 ஆட்டங்களில் தோற்று, 1901 முதலான நவீன காலத்தின் மிக மோசமான தோல்விக் கணக்கையும் இவ்வணியே பதிவு செய்தது.

நிறப்பிரிவினைக் காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு முதல்நிலை லீக்குகளில் இடமில்லை. சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியை நடத்திவந்த ரூப் ஃபாஸ்டர் 1920 இல் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தோற்றுவித்தார். அவரது அணி ஒயிட் சாக்ஸ் முன்னர் ஆடி விட்டுச்சென்ற சவுத் சைட் பார்க்கில் ஆடியது. கறுப்பின அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் பங்கேற்ற 'கிழக்கு - மேற்கு' ஆட்டம் 1933 முதல் கோமிஸ்கி பார்க்கில் நடந்துவந்தது. 1943 இல் இதனைக் காண 50,000க்கும் மேற்பட்டோர் கூடினர். நீக்ரோ லீக்குகளை முதல்நிலை லீக்குகளாக அடிபந்தாட்ட நிர்வாகம் 2020 இல்தான் ஏற்றுக்கொண்டது.

1988 ஜூன் 30 நள்ளிரவு

1980களில் கோமிஸ்கி பார்க் பழுதடைந்திருந்தது. புதிய அரங்கு வேண்டும் என்று உரிமையாளர்கள் கோரினர். அடிசன் என்னும் புறநகரில் கட்டுவதற்கான திட்டம், 1986 இல் அவ்வூர் மக்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் மிகச் சிறிய வேறுபாட்டில் தோற்றது. 1987 இல் மாநில அரசு 'இலினொய் விளையாட்டு வசதிகள் ஆணையம்' என்னும் பொது அமைப்பை உருவாக்கியது. இதற்கிடையே புளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம், எந்த அணியும் கையில் இல்லாத நிலையிலேயே கூரையிட்ட ஓர் அரங்கைக் கட்டத் தொடங்கி, ஒயிட் சாக்ஸ் அணிக்கு அழைப்பு விடுத்தது.

அரங்குக்கான நிதிச் சட்டத்தை இலினொய் சட்டமன்றம் 1988 ஜூன் 30 நள்ளிரவுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்குப் பின் நிறைவேற்றினால் கூடுதல் பெரும்பான்மை தேவைப்படும். ஆளுநர் ஜேம்ஸ் தாம்சன் அவைக்குள்ளேயே சென்று உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டினார். வாக்கெடுப்பு முடியும் முன்பே நள்ளிரவு கடந்துவிட்டது. எனினும் அவையின் கடிகாரம் நிறுத்தப்பட்டு, சட்டம் நள்ளிரவுக்கு முன்னரே நிறைவேறியதாகப் பதிவாயிற்று. ஒயிட் சாக்ஸ் சிகாகோவிலேயே தங்கியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கட்டிய அரங்கம் தனக்கென ஓர் அடிபந்தாட்ட அணியைப் பெற 1998 வரை காத்திருந்தது.

புதிய அரங்கு, பழைய அரங்குக்கு எதிரே 1991 இல் திறக்கப்பட்டது. இதற்கு ஆணையமே உரிமையாளர். அணி வாடகைக்கு ஆடுகின்றது. கடன் பத்திரங்களைத் திருப்பிச் செலுத்த விடுதி அறைகள் மீதான வரி பயன்படுத்தப்பட்டது. அரங்குக்கு இடம் ஒதுக்குவதற்காகச் சவுத் ஆர்மர் சுக்குவயர் பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டன. பழைய கோமிஸ்கி பார்க் இடிக்கப்பட்டு வண்டி நிறுத்துமிடம் ஆனது. அங்கே மட்டையாளர் நின்ற இடம் தரையில் குறிக்கப்பட்டுள்ளது.

புதிய அரங்கின் மேல்தளம் மிகவும் செங்குத்தாக இருந்ததால் குறைகூறல் எழுந்தது. 2004 இல் அதன் உச்சி வரிசைகள் எட்டு நீக்கப்பட்டன. திறந்த ஓராண்டில் பால்ட்டிமோரில் பழைய அரங்குகளின் சாயலில் கட்டப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் பெரும் வரவேற்பைப் பெற்றது. பின்வந்த நகரங்கள் பலவும் பால்ட்டிமோரையே பின்பற்றின. சிகாகோவின் அரங்கு தன் வகையில் கடைசியானவற்றுள் ஒன்றாக நின்றுவிட்டது. இவ்வரங்கின் பெயர் விளம்பர உரிமையின் பொருட்டுப் பலமுறை மாறியுள்ளது. 2024 டிசம்பரில் இதற்கு ரேட் ஃபீல்ட் என்ற பெயர் இடப்பட்டது.

அமெரிக்கக் காற்பந்தாட்டம்: பேர்ஸ் அணியும் சோல்ஜர் ஃபீல்டும்

பேர்ஸ் அணி 1920 இல் இலினொய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் ஒரு மாப்பொருள் ஆலையின் அணியாகத் தோன்றியது. அதை நடத்திய ஜார்ஜ் ஹாலஸ் 1921 இல் சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். அணி ரிக்லி ஃபீல்டில் ஆடியது. கப்ஸ் என்பது கரடிக்குட்டிகளைக் குறிக்கும் சொல். அவர்களை விட உடல் பெருத்த தம் ஆட்டக்காரர்களுக்குக் கரடிகள் எனப் பொருள்படும் பேர்ஸ் என்ற பெயரை ஹாலஸ் 1922 இல் சூட்டினார். அவரது மகள் வர்ஜீனியா மெக்காஸ்கி 2025 இல் தமது 102 ஆவது வயதில் மறையும் வரை அணியின் முதன்மை உரிமையாளராக இருந்தார். பேர்ஸ் அணி இதுவரை ஒரேயொரு சூப்பர் போல் பட்டத்தை வென்றுள்ளது. 1986 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அணியை 46-10 என்ற கணக்கில் வென்று அதனைப் பெற்றது.

அரங்குகளில் குறைந்தது 50,000 இருக்கைகள் வேண்டும் என லீக் விதித்ததால் 1971 இல் பேர்ஸ், ஏரிக்கரையிலுள்ள சோல்ஜர் ஃபீல்டுக்கு மாறியது. 1924 இல் திறக்கப்பட்ட இவ்வரங்கு நகரின் பூங்காத் துறைக்கு உரியது. முதல் உலகப்போரில் உயிரிழந்த வீரர்களின் நினைவாக 1925 இல் இப்பெயர் இடப்பட்டது. இருபக்கமும் கிரேக்கப் பாணித் தூண்வரிசைகள் கொண்ட இது, விளையாட்டுக்கு மட்டுமன்றி நகரின் பொது நிகழ்வுகளுக்கும் களமாக இருந்துள்ளது.

* 1927 - ஜாக் டெம்ப்சி, ஜீன் டன்னி ஆகியோரின் புகழ்பெற்ற குத்துச்சண்டை.
* 1966 - வீட்டுரிமையில் நிறவேற்றுமையை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய பேரணி.
* 1968 - அறிவுத்திறன் குறைபாடு உடையோருக்கான முதலாவது சிறப்பு ஒலிம்பிக் போட்டி.
* 1994 - உலகக் கிண்ணக் காற்பந்தாட்டத்தின் தொடக்க ஆட்டம்.

2002 இல் அரங்கின் உட்புறம் முழுவதும் இடிக்கப்பட்டு, தூண்வரிசைகளுக்கு இடையே கண்ணாடியும் எஃகும் கொண்ட புதிய அரங்கு எழுப்பப்பட்டது. அந்தப் பருவத்தில் பேர்ஸ் அணி ஷாம்பெயின் நகரில் ஆடியது. 2003 இல் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஒயிட் சாக்ஸ் அரங்கைக் கட்டிய அதே ஆணையம் இதற்காக ஏறத்தாழ 40 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. விடுதி வரி போதாத ஆண்டுகளில், குறையை நகரத்துக்குச் சேரவேண்டிய வருமான வரிப் பங்கிலிருந்து ஈடுசெய்ய வழிவகுக்கப்பட்டது. மாற்றம் கட்டடத்தின் பழைய தன்மையை அழித்துவிட்டதாகக் கருதப்பட்டதால், 1987 இல் பெற்ற தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் தகுதியைச் சோல்ஜர் ஃபீல்ட் 2006 இல் இழந்தது. புதுப்பிப்புக்குப் பின் ஏறத்தாழ 61,500 இருக்கைகளே இருந்தமையால், பெரிய நகரத்தின் அரங்காயினும் லீக்கின் மிகச் சிறிய அரங்குகளுள் ஒன்றாக இது ஆனது.

ஒரே கூரையின் கீழ்: புல்ஸ், பிளாக்ஹாக்ஸ்

நகரின் மேற்குப் பகுதியில் 1929 இல் திறக்கப்பட்ட சிகாகோ ஸ்டேடியம், பனி ஹாக்கிக்கும் பின்னர் கூடைப்பந்துக்கும் களமாக இருந்தது. 1932 டிசம்பரில் கடும் பனிப்பொழிவால், அமெரிக்கக் காற்பந்தாட்ட வாகையர் பட்டத்தை முடிவுசெய்யும் ஆட்டம் இக்கூரையின்கீழ் நடத்தப்பட்டது. இடம் போதாமையால் ஆடுகளம் 80 கெஜமாகச் சுருக்கப்பட்டது. பேர்ஸ் 9-0 என வென்ற அந்த ஆட்டத்தின் பட்டறிவு, மறு ஆண்டில் விதிகள் சில மாறுவதற்குக் காரணமாயிற்று.

பிளாக்ஹாக்ஸ் அணி ஸ்டான்லி கிண்ணத்தை 1934, 1938, 1961, 2010, 2013, 2015 என ஆறு முறை வென்றுள்ளது. உள்ளூர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டினால் நுழைவுச்சீட்டு விற்காது என்று அதன் உரிமையாளர் பில் விர்ட்ஸ் கருதினார். 2007 இல் அவர் மறைந்தபின் மகன் ராக்கி விர்ட்ஸ் அத்தடையை நீக்கினார். மூன்று ஆண்டுகளுக்குள், 49 ஆண்டு இடைவெளிக்குப் பின், கிண்ணம் சிகாகோவுக்கு வந்தது.

புல்ஸ் அணி 1984 இல் மைக்கேல் ஜோர்டனைத் தேர்ந்தெடுத்தது. ஃபில் ஜாக்சனின் பயிற்சியின்கீழ் 1991 முதல் 1993 வரையும், 1996 முதல் 1998 வரையும் ஆறு முறை வாகையர் பட்டத்தை வென்றது. 1995-96 பருவத்தில் 82 ஆட்டங்களில் 72 இல் வென்றது.

1994 இல் திறக்கப்பட்ட யுனைட்டெட் சென்டர், புல்ஸ் அணியின் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டோர்ஃபும் விர்ட்ஸ் குடும்பத்தினரும் சேர்ந்து ஏறத்தாழ 17.5 கோடி டாலர் செலவில் கட்டிய தனியார் அரங்கம். ஒயிட் சாக்ஸ் அணிக்காகப் பொதுப்பணம் கோரிய அதே ரைன்ஸ்டோர்ஃப், இங்கே தனியார் பணத்தில் கட்டினார் என்பது குறிப்பிடத்தக்கது. சிகாகோ ஸ்டேடியம் 1995 இல் இடிக்கப்பட்டது. புதிய அரங்கைச் சுற்றி நீண்டகாலம் வண்டி நிறுத்துமிடங்களே பரந்திருந்தன. அவற்றில் குடியிருப்புகளும் கடைகளும் கட்டும் திட்டத்தை உரிமையாளர்கள் 2024 இல் அறிவித்தனர்.

காற்பந்தாட்டமும் பெண்கள் அணிகளும்

ஃபயர் அணி 1997 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. இது 1871 இல் நகரை அழித்த பெருந்தீயின் ஆண்டு நிறைவு நாளாகும். முதல் பருவமான 1998 இலேயே இவ்வணி வாகையர் பட்டம் வென்றது. 2006 இல் பிரிட்ஜ்வியூ என்னும் புறநகரம், கடன் வாங்கி 20,000 பேர் அமரக்கூடிய அரங்கைக் கட்டி இவ்வணியை வரவழைத்தது. எதிர்பார்த்த கூட்டமும் வருவாயும் வரவில்லை. ஏறத்தாழ 17,000 மக்களே வாழும் அவ்வூரில் சொத்து வரி உயர்ந்தது. 2019 இல் ஒப்பந்தத்தை முறிக்க இழப்பீடு தந்துவிட்டு அணி சிகாகோவுக்குத் திரும்பியது. அரங்கும் கடனும் ஊரிடம் எஞ்சின. 2025 இல் ஃபயர் உரிமையாளர் ஜோ மன்சுயேட்டோ, நகர மையத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 65 கோடி டாலர் செலவில் தம் பணத்திலேயே புதிய அரங்கு கட்டப்போவதாக அறிவித்தார்.

பெண்கள் தொழில்முறை விளையாட்டிலும் சிகாகோவுக்கு நீண்ட தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது கப்ஸ் உரிமையாளர் ஃபிலிப் ரிக்லி 1943 இல் பெண்களுக்கான தொழில்முறை அடிபந்தாட்ட லீக்கைத் தொடங்கினார். அதற்கான ஆட்டக்காரர் தேர்வு ரிக்லி ஃபீல்டில் நடந்தது. ஸ்கை அணி 2021 இல் பெண்கள் கூடைப்பந்து வாகையர் பட்டத்தை வென்றது. பெண்கள் காற்பந்து அணியான ரெட் ஸ்டார்ஸ் 2016 முதல் பிரிட்ஜ்வியூவில் ஆடிவந்தது. 2024 ஜூனில் அவ்வணி ரிக்லி ஃபீல்டில் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு 35,038 பேர் வந்தனர். அந்த லீக்கில் அதுவரை வேறெந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு பேர் வந்ததில்லை.

அரங்குகளும் பொதுப்பணமும்

ஓர் அரங்கு எத்தனை நாள் பயன்படுகின்றது என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடும். அடிபந்தாட்ட அணி ஒரு பருவத்தில் 81 ஆட்டங்களைத் தன் அரங்கில் ஆடும். கூடைப்பந்து, பனி ஹாக்கி அணிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 41 ஆட்டங்களை ஆடும். அமெரிக்கக் காற்பந்து அணியோ எட்டு அல்லது ஒன்பது ஆட்டங்களையே ஆடும். யுனைட்டெட் சென்டரில் இரு அணிகளுமாகச் சேர்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்ட நாட்கள் கிடைக்கின்றன. இசை நிகழ்ச்சிகளும் மாநாடுகளும் இதற்கு மேலதிகம். எனவே அங்கே தனியார் முதலீடு பலன் தந்தது. சோல்ஜர் ஃபீல்ட் போன்ற திறந்தவெளி அரங்கில், சிகாகோவின் குளிர்காலத்தில், அத்தகைய வாய்ப்புக் குறைவு.

அரங்குகள் வேலைவாய்ப்பையும் வணிகத்தையும் பெருக்கும் என்பது பொதுப்பணம் கோருவோரின் வாதம். ஆனால் அமெரிக்க அரங்குகளை ஆராய்ந்த பொருளியலாளரிற் பெரும்பாலோர் இதனை ஏற்பதில்லை. ஆட்டத்துக்குச் செலவிடும் பணத்தை மக்கள் வேறு பொழுதுபோக்குக்காக அதே நகரில் செலவிட்டிருப்பர் என்பது அவர்களின் விளக்கம். மறுபுறம், அணி தரும் பெருமிதமும் தலைமுறைகளாகத் தொடரும் குடும்பப் பழக்கமும் பணக் கணக்கில் அடங்காதவை. 1988 இல் சட்டமன்றத்தை அசைத்தது இவ்வுணர்வே ஆகும்.

பேர்ஸ் அணியின் இடமாற்ற முயற்சி

2023 பெப்ரவரியில் பேர்ஸ், வடமேற்குப் புறநகரான ஆர்லிங்டன் ஹைட்சில் ஒரு பழைய குதிரைப் பந்தயத் திடலை 19.72 கோடி டாலருக்கு வாங்கியது. சொத்து வரி தொடர்பான பிணக்கு எழுந்ததை அடுத்து, 2024 ஏப்ரலில் சோல்ஜர் ஃபீல்டுக்கு அருகிலேயே கூரையிட்ட அரங்கு கட்டும் திட்டத்தை வெளியிட்டது. ஏரிக்கரை நிலம் கட்டடங்களின்றி மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது சிகாகோவில் நீண்டகாலக் கோட்பாடு. அதே பகுதியில் திட்டமிடப்பட்ட ஓர் அருங்காட்சியகம், பூங்கா ஆர்வலர்களின் வழக்கினால் 2016 இல் கைவிடப்பட்டிருந்தது. மாநில அரசும் பொதுப்பணம் தர முன்வரவில்லை. 2025 இல் அணி மீண்டும் ஆர்லிங்டன் ஹைட்ஸ் பக்கம் திரும்பியது.

சோல்ஜர் ஃபீல்டுக்கான பேர்ஸ் அணியின் குத்தகை 2033 வரைக்கும், ரேட் ஃபீல்டுக்கான ஒயிட் சாக்ஸ் அணியின் குத்தகை 2029 வரைக்கும் செய்யப்பட்டவை. இரண்டும் பொது அமைப்புகளின் அரங்குகள். 2003 புதுப்பிப்புக்காக வாங்கிய கடன் 2032 வரை தவணையிடப்பட்டிருந்த நிலையிலேயே பேர்ஸ் வேறிடம் தேடத் தொடங்கியது. தம் சொந்த அரங்குகளில் ஆடும் கப்ஸ், புல்ஸ், பிளாக்ஹாக்ஸ் ஆகிய அணிகள் தம் முதலீட்டைப் பெயர்த்து எடுத்துச்செல்ல இயலாது. ஆகவே அவற்றுக்கு நகரத்தை விட்டுச் செல்லும் தூண்டுதல் குறைவு. வாடகை அரங்கில் ஆடும் அணி குத்தகை முடியும்போது வெளியேறலாம். கட்டியவரின் கடன் அவ்வாறு வெளியேறுவதில்லை.